‘வாங்க’ என்று சொல்வதற்கு முன்

(நியூஜெர்சியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஓர் அரங்கில், குடிவரவு வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் பெண்மணி ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. கல்யாணமோ கூட்டமோ, முன்வரிசை நாற்காலி என்றால் நமக்கு ஒரு கூச்சம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், நம்மவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. சில நாள் நீதிமன்றத்தில், பல நாள் தொலைபேசியில். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது, அறிவுரை கூடவே கூடாது. மறுமுனையில் இருக்கும் பையன் ‘அக்கா, நான் என்ன சொல்லட்டும்?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியையே ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘தம்பி, அதைச் சொல்லாதே’ என்பது எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. விழுங்கியிருக்கிறேன். அப்படி விழுங்கியதில் கொஞ்சத்தைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் நம்மவர்களிடம் நான் கண்டது ஒரு விசித்திரம். பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் பேசித் தீர்க்கிறோம். பேசியே ஆக வேண்டிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு ‘தெரியாது சார்’ என்கிறோம்.

வாசலிலிருந்து தொடங்குவோம். மணி அடிக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ‘யாரு?’ என்று கேட்டுக்கொண்டே பாதிக் கதவைத் திறந்துவிடுகிறோம். நிற்பவர் முகம் பார்த்ததும் ‘வாங்க’ வந்துவிடுகிறது. எதிரியே ஆனாலும் வாசலில் நிற்க வைத்துப் பேசினால் ஊர் என்ன சொல்லும் என்று வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கச் சட்டத்தின் காதில் அந்த ‘வாங்க’ உபசாரமாக விழுவதில்லை, சம்மதமாக விழுகிறது. வாய்திறந்து சொல்லக்கூட வேண்டாம். கதவை அகலத் திறந்துவிட்டு நாம் ஒதுங்கி நின்றால், அதுவே உள்ளே வரச் சொன்னதற்குச் சாட்சி என்று பின்னால் வாதாடலாம்.

ஐஸ் என்று செய்தியில் சொல்கிறார்களே, குடிவரவுச் சட்டப்படி ஆளைப் பிடிக்கிற அந்தத் துறை 2003இல் வந்தது. நம் ஊரில் ஐஸ் வைப்பது என்றால் வேறு அர்த்தம். நினைத்துப் பார்த்தால் வாசலில் நிற்கிற அதிகாரியும் முதலில் அதைத்தான் செய்வார். ‘ஒன்றுமில்லை அம்மா, இரண்டு நிமிஷம் பேச வேண்டும், வெளியே குளிராக இருக்கிறது.’ தம்மைப் போலீஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட சம்பவங்களும் உண்டு. அவர் புன்னகைக்கலாம், நாமும் புன்னகைக்கலாம். கதவு மட்டும் மூடியே இருக்கட்டும்.

மூடிய கதவுக்கு என்ன பலம் என்று ஒரு வழக்கைக் கேளுங்கள். 1970 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு கொலை வழக்கில் சந்தேகப்பட்டவரைத் தேடிப் போலீஸ் போனது. உள்ளே விளக்கு எரிகிறது, பாட்டு ஓடுகிறது, கதவைத் தட்டினால் பதில் இல்லை. கடப்பாறை வைத்து உடைத்து உள்ளே போனார்கள். ஆள் இல்லை, ஒரு தோட்டா உறை மட்டும் கிடைத்தது. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் அப்படி நுழைந்தது செல்லாது என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பேட்டன் வழக்கு என்பார்கள். கொலைச் சந்தேகம் உள்ளவர் வீட்டுக்கே போலீஸ் தாண்டக்கூடாத ஒரு கோடு உண்டு. கோடு எங்கே என்றால் வாசற்படியில். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டுகிறோமே, அதே நிலைப்படிதான்.

‘எங்களிடம் வாரண்ட் இருக்கிறது’ என்று அதிகாரி சொன்னால்? இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வாரண்டில் இரண்டு ஜாதி. ஒன்று நீதிபதி கையெழுத்திட்டது. தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், உங்கள் முகவரி இருக்கும், நீதிபதியின் கையெழுத்து இருக்கும். இன்னொன்று ஐ-200, ஐ-205 என்ற எண்கள் போட்ட தாள். தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும். கையெழுத்து அதே துறையின் அதிகாரி போட்டது. தெருவில் பார்த்தால் கைது செய்ய அந்தத் தாள் போதும். சம்மதமில்லாமல் வீட்டுக்குள் வர நீதிபதியின் தாள் வேண்டும். நாடுகடத்தும் இறுதி ஆணை உள்ளவர் வீட்டுக்குள் எங்கள் தாளை வைத்தே நுழையலாம் என்று துறை அண்மையில் எடுத்திருக்கும் நிலைப்பாடு வேறு கதை. நீதிமன்றங்களில் அதற்குச் சண்டை நடக்கிறது.

அதனால் ‘கதவுக்கு அடியில் தள்ளுங்கள்’ என்றோ ‘ஜன்னலில் காட்டுங்கள்’ என்றோ கேளுங்கள். போனில் படம் எடுத்து வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். அவர்கள் கதவை உடைத்துக்கொண்டே வந்தாலும் மறிக்காதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். ஒரே வாக்கியம். ‘ஐ டூ நாட் கன்சென்ட்.’ சத்தமாக, ஒருமுறை சொன்னால் போதும். வந்தவரை அது நிறுத்தாமல் போகலாம். நாளைக்கு நீதிபதியின் முன் ‘அந்த அம்மா சம்மதித்தார்’ என்று யாரும் எழுத முடியாது.

என் தோழி வீட்டில் ஆறு வயதுப் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை இப்போது பீட்ஸா கொண்டுவருகிறவரிடமும் வாரண்ட் கேட்கிறது.

சரி, நாமே விசாவில் வந்தவர்கள், நமக்கு எங்கே உரிமை என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூசுகிற மாதிரி. இதற்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சலவைக்காரர் 1886லேயே பதில் வாங்கி வைத்திருக்கிறார். மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று நகரம் 1880இல் விதி போட்டது. அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேர் அளவில் மரக்கட்டடத்திலேயே தொழிலைத் தொடர்ந்தார்கள். 22 ஆண்டு அதே இடத்தில் துணி வெளுத்தவரைச் சிறையில் போட்டார்கள். அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை, அன்றைய சட்டப்படி ஆகவும் முடியாது. உச்ச நீதிமன்றம் பதினான்காவது திருத்தத்தைப் படித்துவிட்டு, சமமான பாதுகாப்பு என்ற இடத்தில் ‘குடிமகன்’ என்று எழுதவில்லை, ‘நபர்’ என்றுதான் எழுதியிருக்கிறது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கின் பெயர் யிக் வோ. அது அவருடைய கடையின் பெயர், அவருக்கு வேறு பெயர் என்பார்கள். நம் பெயர்களுக்கு இந்த நாடு செய்வதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்று. தமிழில் மிக ஆபத்தான சொல் எது தெரியுமா? ‘சரி.’ நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறீர்கள், நான் ‘ம்… சரி… சரி’ என்கிறேன். ஒப்புக்கொள்கிறேன் என்றா அர்த்தம்? காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். ‘உங்கள் பையைத் திறந்து பார்க்கலாமா?’ என்று அதிகாரி கேட்கிறார். நம்மவர் கேள்வி புரிந்தது என்பதற்காக ‘சரி’ என்கிறார். நான் அதை எப்படிச் சொல்வது? என்னால் முடிந்தது, ‘இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, விளக்கம் கேட்க அனுமதி வேண்டும்’ என்பதுதான். மொழிபெயர்ப்பாளரே இல்லாத தெருமுனையில் உங்கள் ‘ஓகே ஓகே’ சம்மதமாகவே எழுதப்படும். இத்தோடு நம் தலையாட்டல் வேறு. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று நமக்கே தெரியாது.

தெருவில் நிறுத்தினால் கேட்க வேண்டிய கேள்வி ‘ஆம் ஐ ஃப்ரீ டு கோ?’ போகலாம் என்றால் நடங்கள். ஓட வேண்டாம். போகக்கூடாது என்றால், பேச விருப்பமில்லை, வழக்கறிஞரோடு பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் போலீஸ் கேட்டால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோற்றத்தை மட்டும் வைத்து வண்டியை நிறுத்தக்கூடாது என்று 1975இல் பிரிக்னோனி-பொன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், லாஸ் ஏஞ்சலஸ் பகுதிச் சோதனைகளுக்குக் கீழ் நீதிமன்றம் போட்டிருந்த கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்தது. பிற காரணங்களோடு சேரும்போது இனமும் ஒரு காரணமாகலாம் என்று ஒரு நீதிபதி தனியே எழுதினார். ஆகவே உரிமை ஏட்டில் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்துவதைவிட, அதிகாரி பெயர், பேட்ஜ் எண், நேரம், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை அன்றே எழுதி வைப்பது பயன்படும்.

‘பேசாதே, எதையும் காட்டாதே’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் வீடியோ எல்லாருக்கும் பொருந்தாது. அதைச் சொல்லாவிட்டால் நான் தப்புச் செய்தவளாவேன். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாத பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். கிரீன் கார்டோ, வேலை அனுமதி அட்டையோ, ஐ-94 அச்சோ. வைத்திராதது சிறு குற்றம், ஆனால் குற்றம். நாம் என்ன செய்கிறோம்? முக்கியமான காகிதம் என்றாலே பீரோவுக்குள், புடவைக்கு அடியில், சாவி அம்மாவிடம். ஊரில் பத்திரத்துக்கு அதுதான் மரியாதை. ஹெச்-1பி, மாணவர் விசா என்று முறையாக இருப்பவர் ஆவணத்தைக் காட்டிவிட்டு மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆவணம் இல்லாதவர் நிலை வேறு. எங்கே பிறந்தாய், எப்படி வந்தாய் என்பதற்கு அவர் சொல்கிற பதிலே அவர்மீது சாட்சியாகும்.

இருவருக்கும் பொது ஒன்று உண்டு. பேசாமல் இருக்கலாம், பொய் சொல்லக்கூடாது. பொய்களிலும் மோசமானது ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்பது. 1996இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஒரு பொய் கிரீன் கார்டுக்கான வழியை ஏறக்குறைய வாழ்நாளுக்கே அடைத்துவிடும். அதிகாரியிடம் வாயால் சொன்னால்தான் என்றில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன இடத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்கும் கட்டத்தைப் படிக்காமல் டிக் அடித்தவர்கள் இருக்கிறார்கள். வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் முதல் கட்டமே ‘குடிமகன்’. அவசரத்தில் முதலில் இருப்பதைத் தட்டிவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு.

விமானநிலையத்தில் கணக்கு வேறு. அங்கே எல்லை, அரசின் கை நீளம். நுழைவுச் சோதனையில் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கும் உரிமை பொதுவாக இல்லை. பையையும் போனையும் பார்க்கலாம். குடிமகன் போனின் கடவுச்சொல்லைத் தர மறுத்தால் போனை வைத்துக்கொள்வார்களே தவிர, அவரை உள்ளே விடாமல் இருக்க முடியாது. விசாவில் வருபவர் மறுத்தால் திருப்பி அனுப்பலாம்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் இங்கே அகப்படுவது அவர்களுடைய வெள்ளை மனசால். ‘எதற்கு வந்தீர்கள்?’ ‘பொண்ணுக்குப் பிரசவம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதான் வந்தேன்.’ பெருமையாகச் சொல்கிறார். நமக்கு அது பாட்டியின் கடமை. அதிகாரி காதில் அது சுற்றுலா விசாவில் செய்யும் வேலையாக விழக்கூடும். மகளையும் பேரனையும் பார்க்க வந்தேன் என்பதும் உண்மைதான், அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் தொலைபேசியில் மொழிபெயர்த்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கியவர். கணவருக்கு உடம்பு முடியாமல் ஊரில் பத்து மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறார். ‘நீங்கள் இங்கே வாழவில்லையே, இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு விசிட்டராக வந்து போகலாம்’ என்கிறார் அதிகாரி. தாள் ஐ-407. நிரந்தர வசிப்பைத் தானாக விட்டுக்கொடுக்கும் படிவம். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கேட்டார், ‘நீ என்னம்மா சொல்றே?’ நான் அதையும் மொழிபெயர்த்தேன். ‘இன்டர்பிரட்டர் அறிவுரை சொல்ல மாட்டார்’ என்று பதில் வந்தது. அதையும் மொழிபெயர்த்தேன். பேனா கீறும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. அதுகூடக் கேட்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவர் சொல்லியிருக்கலாம், ‘கையெழுத்துப் போட மாட்டேன், குடிவரவு நீதிபதி முன்னால் பேசுகிறேன்’ என்று. அந்த உரிமை அவருக்கு இருந்தது. கிரீன் கார்டை அதிகாரி அந்த மேசையில் வைத்தே ரத்து செய்துவிட முடியாது. முடிவு நீதிபதியுடையது. போகிற வழியில் சொல்லிவிடுகிறேன், விசாவில் வந்து தடுக்கப்படுகிறவர் தானே திரும்பிப் போவதற்கும், உடனடி வெளியேற்ற ஆணை வாங்கிப் போவதற்கும் ஐந்து ஆண்டு வித்தியாசம். ஆணை என்றால் பொதுவாக அவ்வளவு காலம் திரும்ப வர முடியாது. ஊருக்குத்தானே அனுப்புகிறார்கள் என்று எந்தத் தாள் என்று பார்க்காமல் விடாதீர்கள்.

இனி பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றத்தில் 2020 ஜூன் 25 அன்று தீர்ப்பான ஒரு வழக்கின் தலைப்பில் தமிழ்ப் பெயர் இருக்கிறது. ஈழத் தமிழர் ஒருவர். ஊரில் மாடு வைத்துப் பிழைத்தவர். 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி, கலிபோர்னியாவுக்குள் 25 கெஜம் வந்த நிலையில் பிடிபட்டார். 25 கெஜம் என்றால் இந்த மண்டபத்தின் நீளம்கூட இராது. திருப்பி அனுப்பினால் உயிருக்குப் பயம் என்றவரை அடைக்கல அதிகாரி விசாரித்தார். கண்ணைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய் அடித்தார்கள் என்றார். யார் என்று கேட்டார்கள். தெரியாது. எதற்காக? தெரியாது. அடித்ததை அதிகாரி நம்பினார். ஆனால் இனமோ அரசியலோ காரணம் என்று காட்டவில்லை என்று மறுத்துவிட்டார்.

இந்த அரங்கில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். வேன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேனில் வருகிறவர்கள் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஆங்கிலத்தில் அது வெறும் நான்கு சக்கர வண்டி. அதற்குள் இருக்கும் அத்தனை வருஷத்தையும் எந்த மொழிபெயர்ப்பாளரும் ஏற்ற முடியாது, ஏற்றினால் விதிமீறல். அந்த வழக்கில் நான் வேலை செய்யவில்லை. ஆனால் அந்தத் ‘தெரியாது’வை நூறு முறை கேட்டிருக்கிறேன். சீருடைக்கு முன்னால் எதையும் தெரியாது என்று சொல்லித்தான் அந்த மக்கள் உயிர் தப்பினார்கள். அதே சொல் இங்கே அவர்களைக் காவு வாங்குகிறது. அந்த வழக்குக்காரர் தமிழ் வேட்பாளர் ஒருவருக்காக வேலை செய்த விவரமெல்லாம் பிறகு மனுவில்தான் வந்தது.

அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். எல்லையில் அப்போதுதான் கால்வைத்தவருக்கு நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிக் கொடுத்த அளவு உரிமைதான் உண்டு, அதற்குமேல் இல்லை என்பது தீர்ப்பு. சலவைக்காரருக்கு முழு ‘நபர்’ கிடைத்தது. நம்மவருக்கு 25 கெஜத்தில் அது சுருங்கிப்போனது. எனக்கு அந்தத் தீர்ப்பு உடன்பாடில்லை, ஆனால் சட்டம் இன்று அதுதான். அதனால் அடைக்கல நேர்காணலில் இருப்பவர் ஒவ்வொரு காரணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாரென்று தெரியாவிட்டால், ‘யாராக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். சென்னைத் தமிழ் பேசுகிறவர் கேட்க, வன்னித் தமிழ் பேசுகிறவர் பதில் சொல்லும்போது நடுவில் எத்தனையோ சிந்துகிறது. மறுத்தால் நீதிபதி பார்க்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இந்தியத் தமிழர்களுக்கு இதிலே வேறொரு வியாதி. ‘ஐ நோ இங்கிலீஷ்.’ அலுவலகத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, கை நடுங்கும்போது வரும் ஆங்கிலம் வேறு. தமிழில் கேட்பது கௌரவக் குறைவு இல்லை. கேட்கும்போது ‘இந்தியன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், இந்திக்காரர் ஒருவர் லைனில் வந்து நிற்பார்.

ஒருவர் தடுப்புக்காவலுக்குப் போய்விட்டால் குடும்பம் முதலில் தேடுவது ஆள் எங்கே என்று. ஐஸ் இணையதளத்தில் தேடலாம். பெயரால் தேடினால் எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும், பிறந்த நாட்டையும் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம் பெயர்கள் பழிவாங்கும். இனிஷியலும் பெயருமாக வாழ்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அப்பாவின் பெயரால் ஒரு பதிவு, ‘எஃப்என்யு’ என்று ஒரு பதிவு. மனைவி விடிய விடியத் தேடுவார். தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்த ஈழத்துப் பிள்ளைக்குப் பிறந்த நாடு இந்தியா, இலங்கை என்று போட்டால் வராது. ஏ என்ற எழுத்தோடு தொடங்கும் ஒன்பது இலக்க எண் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். கிரீன் கார்டிலும் வேலை அனுமதி அட்டையிலும் அந்த எண் இருக்கிறது. வீட்டில் இன்னொருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. செலவு உங்களுடையது. குடிவரவு வழக்கு குற்ற வழக்கு இல்லை என்பதால் அரசு வழக்கறிஞர் தராது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம். அடைக்கலம் கேட்பவர், எந்த அரசுக்குப் பயந்து வந்தாரோ, அந்த அரசின் தூதரகத்தைக் கேட்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்கட்டும்.

கோயில், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் பொதுவாகக் கைது செய்வதில்லை என்ற பழைய கொள்கை 2025 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கோயில் நிர்வாகிகள் இங்கே இருப்பதால் சொல்கிறேன். எல்லாரும் வரும் மண்டபம் வேறு, பூட்டிய அலுவலக அறை வேறு. யார் கதவைத் திறக்கலாம் என்று முடிவு செய்து, அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள். ஆர்வமாக ஓடிவந்து ‘வாங்க சார், பிரசாதம் சாப்பிடுங்க’ என்கிற தொண்டர் எல்லாக் கோயிலிலும் ஒருவர் இருக்கிறார்.

வாசல் மேசையில் சிவப்பு அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அதிகாரிக்குக் காட்ட ஆங்கிலம். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பர்சுக்கு, ஒன்று கதவின் உட்பக்கம் ஒட்ட. உங்கள் வழக்கு, உங்கள் விசா பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்காதீர்கள். நீலச் சட்டை போட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் குடிவரவு வழக்கறிஞர், ஒன்பது மணி வரை இருப்பார். அவருக்குத் தமிழ் வராது. கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள், நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். ஒரு சொல் கூட்ட மாட்டேன்.